குலுக்கியில் போட்ட ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிலும் மரியாதையிலும் நான் ஒருநாளும் குறை வைக்காத சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். என் வலது கால் பெருவிரலுக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அது பின்னால் வரும். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும், ஆபரேஷன் செய்த கண் சீக்கிரம் தெளிய வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். கட்டு அவிழ்க்கும்வரை நீங்கள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், இதைச் சம்பந்தியம்மாதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று அறிவேன். ஆகவே சம்பந்தியம்மா, என் சார்பில் கொஞ்சம் பணிவான குரலில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் கோபப்படும் இடங்களில் மட்டும் குரலை உயர்த்தினால் போதும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

"மெஷின் ஆச்சா?" என்று நீங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டு அனுப்பிய இரண்டு வார்த்தை கிடைத்தது. ஒரு நலம் விசாரிப்பு இல்லை, ஒரு 'சம்பந்தி' இல்லை. பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் நின்று ஜனங்கள் என்னைக் கேட்பார்களே, அதே தொனி. பரவாயில்லை, நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் நடந்தது முழுவதையும் நீங்கள் கேட்டுவிட்டுத்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

உங்கள் வீட்டு முன்னறையில் அந்தப் பின்பால் மெஷின் நின்ற நிலையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கண்ணாடி மூடிய சாய்வு மேசை, உள்ளே ஒரே ஒரு எஃகுப் பந்து, இரண்டு பக்கமும் பட்டன். பட்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் துடுப்பு பந்தைத் தட்டி மேலே அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறி நின்று ஆடிய காலத்தில் அது அனுப்பியிருக்கும். நான் பார்த்தபோது எல்லாத் தகடுகளும் துருப்பிடித்து, பந்து ஏதோ பென்ஷன் வாங்கப் போகிற மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான், "பத்தே நாள் குடுங்க சம்பந்தி, மூஞ்சி பாத்துக்கிற மாதிரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லி வேன் வைத்து எடுத்து வந்தேன். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை என்பதுதான் உங்கள் மனக்குறை.

இதில் உங்கள் தம்பி வேறு எங்கோ ஒரு கல்யாணப் பந்தியில் என்னைப் பற்றி ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருக்கிறார். மெஷின் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள், அதனால்தான் அந்த மனுஷன் பாலிஷ் பாலிஷ் என்று சொல்லி மெஷினை அமுக்கிவிட்டார் என்று சொன்னாராம். சம்பந்தி, மெஷின் உங்கள் வீட்டில் இருந்தவரை பிள்ளைகள் ஞாயிறு தவறாமல் அங்கே வந்தார்கள், உண்மைதான். மெஷின் இங்கே வந்த பிறகு ஞாயிறு தவறாமல் இங்கே வருகிறார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் என்ன தொடர்பு? அவர்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து எங்கள் தெருவுக்கு நேர் பஸ் இருக்கிறது. உங்கள் தம்பிக்குப் பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்?

ஒன்றை மட்டும் மனம் விட்டுச் சொல்கிறேன். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்ட வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது. நானும் என் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கம் திருப்புகிற சத்தம்தான் வீட்டில் கேட்கும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, உங்களுக்கு இருப்பது மகன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் எதிர் வரிசையில் பித்தளைக் குழாய் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. பட்டறைக்காரரிடம் ஒரு குலுக்கி இருக்கிறது. வாளி அளவுக் கிண்ணம், அடியில் ஒரு மோட்டார், மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். கிண்ணத்தில் சொரசொரப்பான தூளைக் கொட்டி, ஒரு கரண்டி பாலிஷ் விட்டு, அழுக்குச் சாமானை உள்ளே புதைத்துச் சுவிட்சைப் போட்டால் அது தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும். தூளும் சாமானும் உரசி உரசி, காலையில் போட்ட துருப்பிடித்த ஸ்க்ரூ சாயங்காலம் நகைக்கடையில் வாங்கினது போல் வெளியே வரும். அதைக் கடனாகக் கொடுத்தபோது பட்டறைக்காரர் சொன்னார்: "சார், இதைத் தரையில போல்ட் போட்டு முடுக்கிடுங்க. இல்லேன்னா நடக்கும்."

"மோட்டார் எங்கயாவது நடக்குமாய்யா?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் தூள் கதையைச் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்காரரிடம் இருந்த தூள் தீர்ந்துவிட்டது. மக்காச்சோளக் கதிரில் மணியை உதிர்த்த பிறகு மிஞ்சும் கட்டையை அரைத்த தூள் அது; வளர்ப்புப் பிராணிக் கடையில் கிடைக்கும், கூண்டில் பரப்புவார்கள் என்றார். போனேன். கடைக்காரர் மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, "என்ன சார் வளக்கிறீங்க?" என்று பிரியமாகக் கேட்டார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்பால் மெஷின், துரு, குலுக்கி, சம்பந்தி என்று ஆரம்பித்தால் எப்போது முடிப்பது? பின்னால் வேறு நாலு பேர் நின்றார்கள். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "பச்சோந்தி" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் பச்சோந்தி வளர்ப்பவர் யாருமே இல்லையாம். அது என்ன சாப்பிடுகிறது, எப்படித் தூங்குகிறது, கோபம் வந்தால் என்ன நிறம் என்று கேட்டார். நான் பதில் சொன்னேன், சம்பந்தி. சொல்லச் சொல்ல எனக்கே அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. அடுத்த தடவை தூள் வாங்கப் போனபோது அதற்குச் சத்து மருந்து இலவசமாகக் கொடுத்தார். அதற்கடுத்த தடவை, "இவ்வளவு தூள் செலவாகுதே, வயிறு சரியில்லையா? நான் வேணா வந்து பாக்கட்டா?" என்றார். சொன்னபடியே வந்தும் விட்டார். எங்கள் முன்னறையில் நின்று எங்கே, எங்கே என்று தேடினார். "திரைச்சீலையிலதான் இருக்கு. கலர் மாத்திக்கிச்சு, கண்ணுக்குத் தெரியாது" என்றேன். மனிதர் பச்சைத் திரைச்சீலைக்கு எதிரில் வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, "ரொம்ப ஆரோக்கியமா இருக்கு சார்" என்று சொல்லிப் போனார். அதிலிருந்து என் மனைவி என்னிடம் எந்தக் காரணம் கேட்டாலும், நான் சொல்லி முடித்ததும் திரைச்சீலையை ஒரு பார்வை பார்க்கிறாள்.

இனி நடந்த கதை, அதாவது குலுக்கி நடந்த கதை. புதுத் தரையில் துளை போட மனம் வராமல், குலுக்கியைச் சும்மா வாசலறை ஓரத்தில் வைத்து, முதலில் சோதனைக்கு எங்கள் வீட்டுப் பழைய இரும்புச் சாமான்களைப் போட்டு, அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு ஓடவிட்டேன். பேப்பரைப் பிரித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. பரவாயில்லை, பழகிவிட்டது என்று நினைத்தேன். அது துண்டோடு வாசலைத் தாண்டி, மாடிப்படி ஓரம்வரை போய், ஒயர் முழுவதும் இழுபட்டுப் பிளக் கழன்ற பிறகுதான் எனக்கு விஷயம் எட்டியது. மிச்ச தூரத்தை அது மின்சாரமே இல்லாமல் கடந்தது. எங்களுக்கு நேர் கீழே பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். கதவு திறந்திருக்கிறது, வரிசையாக ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மேலேயிருந்து ஒரு வாளி உருண்டு வந்து அவர்கள் காலடியில் பளபளவென்று ஸ்க்ரூ, ஆணி, கொக்கி, பட்டை என்று கொட்டுகிறது. ஒரு அம்மாள் விரல் நீளத் திருகாணி ஒன்றைப் பொறுக்கிப் பார்த்து, "இவ்வளவு பெரிசையா வாயில முடுக்குவாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள்.

டாக்டர் மேலே ஏறி வந்தார். கோபமாகத்தான் வந்தார். "சார், ஏற்கெனவே உங்க மெஷின் சத்தத்துல, நான் கருவியைக் கையிலயே எடுக்கல, அதுக்குள்ள எல்லாரும் கத்துறாங்க. இப்ப இது வேற" என்றார். நான் பேச்சை மாற்றுவதற்காக ஒரு ஸ்க்ரூவைக் கையில் கொடுத்து, "தலையில இருக்கிற பள்ளத்துல தூள் அடைச்சுக்குது டாக்டர், வரவே மாட்டேங்குது" என்று சொல்லி வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வளைந்த கம்பி ஒன்றை எடுத்தார். ஒரே நெம்பு, தூள் கட்டியாக வெளியே வந்தது. "இன்னொண்ணு குடுங்க" என்றார். அதிலிருந்து சாயங்காலமானால் தானே மேலே வந்துவிடுகிறார். இவை வாயை மூடுவதும் இல்லை, வலிக்கிறது என்று சொல்வதும் இல்லை என்று அவருக்கு ஏக சந்தோஷம். என்ன, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முடித்ததும் பழக்கதோஷத்தில் "கொப்புளிங்க" என்கிறார்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. நான் எப்பேர்ப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். பார்சல் ஆபீஸில் என் கையால் லேபிள் ஒட்டிய ஒரு மூட்டைகூட வழி தவறியது கிடையாது. எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதியிருக்கும், டப்பாவை வைக்கும் இடத்தில் 'சர்க்கரை டப்பா' என்று எழுதியிருக்கும். அப்படிப்பட்டவன் உங்கள் மெஷினைக் கண்டபடியா பிரிப்பேன்? ஒவ்வொரு பாகத்தையும் கழற்றக் கழற்ற, அது எந்த மூலை, எந்தத் துளை, எதற்குப் பக்கத்தில் எது என்று அந்தந்தப் பாகத்தின் மேலேயே மெல்லிய தூரிகையால் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினேன். பட்டறைக்காரர்கூட வந்து பார்த்து, "முத்து முத்தா எழுதியிருக்கீங்க சார்" என்றார். பெயின்ட் காய்ந்ததும் எல்லாவற்றையும் குலுக்கியில் போட்டேன்.

சம்பந்தி, நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சம்பந்தியம்மா, அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்து பிறகு தொடருங்கள்.

சாயங்காலம் மூடியைத் திறந்தேன். அழுக்கு இல்லை. துரு இல்லை. என் கையெழுத்தும் இல்லை. இத்தனை வருஷம் நான் எழுதியதில் ஒன்றுகூட அழிந்ததில்லை. அன்றைக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாம்பாளம் நிறைய எல்லாமே ஒரே மாதிரி மின்னிக்கொண்டு, நான் யார் தெரிகிறதா என்று என்னையே கேட்பது போலிருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அழிக்கிறதுக்குன்னே ஒரு மெஷினை வாங்கிட்டு வந்து, அதுல எழுதிப் போட்டீங்களா?" என்று கேட்டாள். ஆகவே மெஷின் இன்றைய தேதி வரையில் துண்டு துண்டாக, தாம்பாளம் தாம்பாளமாக, எந்தத் துண்டு எங்கே என்று தெரியாத நிலையில் இருக்கிறது. அது பூட்டி முடியும் காலத்தைச் சொல்வது எவராலும் ஆகாத காரியம். இதுதான் உங்கள் இரண்டு வார்த்தைக்கு என் பதில்.

இத்துடன் ஒரு சின்ன உதவி. உங்கள் அலமாரியில் ஒரு மாற்றுப் பந்து இருப்பதாக முன்பு சொன்னீர்கள். அதைத் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கிடைக்கும்படி அனுப்பிவையுங்கள். துண்டு துண்டாகக் கிடக்கும் மெஷினுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பந்து எதற்கு என்று கேட்பீர்கள். சும்மா அளவு பார்க்கத்தான். பழைய பந்து காணவில்லை. குலுக்கியில் போட்டு எடுத்துத் துடைத்துக் கையில் வைத்துப் பார்த்தேன், என் முகம் மூக்கு பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவு பளபளப்பு. அந்தப் பந்து ஒரு திங்கட்கிழமையிலிருந்து இல்லை. பட்டறைக்காரர் பேரிங் உருண்டை ஒன்று கொடுத்துப் பார்த்தார். அது ஒரு நூல் பெரிசு, ஏறுகிற வழியிலேயே மாட்டிக்கொண்டது. அதாவது, மெஷின் பூட்டியிருந்தால் மாட்டிக்கொண்டிருக்கும்.

உங்கள் வீட்டில் இருந்தபோதே நீங்கள் எச்சரித்தீர்கள். "அது பழைய மெஷின் சம்பந்தி, அப்பப்போ பந்தை முழுங்கிடும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு அதுவே துப்பிடும், பதறாதீங்க" என்றீர்கள். நான் பதறாமல்தான் இருக்கிறேன். சோபாவுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், குலுக்கித் தூளை முழுவதும் சல்லடையில் சலித்து, மூன்று செருப்புகளுக்குள் என்று பதறாமல் தேடிவிட்டேன். பிள்ளைகள் போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் வந்தார்கள், பந்து இல்லை. என்ன முகத்தோடு அவர்களைப் பார்ப்பேன்? மாப்பிள்ளை பாவம், காலையிலிருந்து சாயங்காலம் வரை சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். தன் ஆபீஸைப் பற்றி, புது மேனேஜரைப் பற்றி, வேறு வேலை தேடலாமா என்பதைப் பற்றி ஏதேதோ என்னிடம் பேசினார். நான் சோபாவுக்கு அடியில் இருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை. துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். இன்னொரு ஞாயிறும் பந்து இல்லையென்றால் அவர்கள் எதற்கு வருவார்கள்? அதாவது, அளவு பார்க்க எதற்கு வருவார்கள்?

என் மனைவிக்கு இதில் துளி அக்கறை கிடையாது. நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், இவள் நட்ட நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கம்பளி நூல் சுற்றிக்கொண்டிருக்கிறாள். சுற்றின உருண்டையை மறுபடி பின்னவும் காணோம். மடியிலேயே வைத்துக்கொண்டு மேலும் மேலும் சுற்றுகிறாள். முந்தாநாள் அந்த உருண்டை அவள் மடியிலிருந்து தவறி என் கால் பெருவிரலில் விழுந்தது. சம்பந்தி, கம்பளி நூல் உருண்டை விழுந்து ஒரு மனிதனுக்கு நகம் கன்றிப் போகும் என்று எனக்கு இதுவரை தெரியாது. வயதாகிவிட்டால் எலும்பு எவ்வளவு பலவீனப்பட்டுவிடுகிறது பாருங்கள். பல் டாக்டர் பார்த்துவிட்டு இது தன் துறை இல்லை என்றார்.

ஆகவே பந்தை உடனே அனுப்பவும். மெஷினை உடனே கேட்காமல் இருக்கவும். கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விட்டுக்கொள்ளவும். உங்கள் தம்பிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும், ஆனால் பிரியமாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் துருப்பிடிக்காமல் நீடூழி வாழ நாம் நால்வரும் கூடி நின்று வாழ்த்துகிற பாக்கியம் என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்கு மாமனாராக வாய்த்த,
சம்பந்தி

பின்குறிப்பு: அண்ணி, இந்த இடத்தில் சத்தமாக வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். இது அவர் கையெழுத்து இல்லை, என் கையெழுத்து. உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் பீரோவை நகர்த்தப் போயிருக்கிறார்.

மெஷின் துண்டு துண்டாக இல்லை. கையெழுத்து அழிந்த அந்த வார ஞாயிறே உங்கள் மகன் உட்கார்ந்து, ஒரு லேபிளும் இல்லாமல், சாப்பாட்டு நேரத்துக்குள் பூட்டிவிட்டார். சின்ன வயதிலிருந்து பார்த்த மெஷின்தானே, அவருக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவும் தெரிந்திருக்கிறது. முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது. எனக்குப் பிரச்சினையே அதுதான். ஞாயிறு முழுக்க மாமனாரும் மாப்பிள்ளையும் கண்ணாடிமேல் கவிழ்ந்துகொண்டு டங் டங் என்று தட்டுகிறார்கள், என் மகள் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்கிறாள். வந்தவர்களின் முதுகைத்தான் நான் பார்த்தேன். அப்போதுதான் நீங்கள் உங்கள் வீட்டில் அவ்வப்போது பந்தை மாவு டப்பாவுக்குள் போட்டுவைப்பதாகச் சொன்னது நினைவு வந்தது. மாவு டப்பாவில் இவர் லேபிள் சரிபார்ப்பார் என்பதால் நான் நூலைப் பிடித்தேன். விரலில் விழுந்தது மட்டும் வேண்டுமென்று செய்ததில்லை.

பந்து இல்லாத இரண்டு ஞாயிறும் பிள்ளைகள் வந்தார்கள் அண்ணி. பந்து இல்லை என்று தெரிந்தேதான் வந்தார்கள். உங்கள் மகன் ஆபீஸில் படுகிற பாட்டையெல்லாம் வாய்விட்டுச் சொன்னார். இவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். வேறு வேலை பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன், நீங்களும் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். மகள் மத்தியானம் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நூல் உருண்டையை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், கால் மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை. இதெல்லாம் தெரிந்தால் இவர் மெஷினை நாளைக்கே வேனில் ஏற்றிவிடுவார். ஆனால் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். இவர் மெதுவாகத்தான் பளபளப்பாவார்.

மகன் வீட்டில் ஞாயிறு நீளமில்லை என்று இவர் எழுதியிருப்பதைத் தயவுசெய்து மன்னித்துவிடுங்கள். அங்கேயும் அதே நீளம்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் நாம் பேசிக்கொண்டபடியே, வருகிற ஞாயிறு நீங்கள் இருவரும் இங்கே கிளம்பி வந்துவிடுங்கள். ஆறு பேருக்கும் சேர்த்துச் சமைக்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அலமாரியில் இருக்கிற அந்த மாற்றுப் பந்தை மட்டும் அண்ணா கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னிடம் இன்னொரு கண்டு நூல் இருக்கிறது.

இப்போது அண்ணா, "என்ன, நிறுத்திட்டே?" என்று கேட்பார். காகிதம் ஒட்டிக்கொண்டது என்று சொல்லுங்கள்.